காயிதச் சட்டை

கரி போட்ட இஸ்திரிப் பெட்டி பழுப்புக் காகிதத்தின் மேல் நகரும்போது கிளம்பும் வாசனை, ஈர மரமும் லேசாகக் கருகிய ரொட்டியும் கலந்தது போல இருக்கும். சனிக்கிழமை காலைகளில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான். கடையிலிருந்து சுருளாக வரும் காகிதம் விரித்தாலும் மறுபடி சுருண்டுகொள்ளும் என்பதால், அம்மா அதைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, மூலைக்கு ஒரு கல் வைத்து, வெள்ளை வேட்டியைத் தேய்ப்பது போலப் பொறுமையாகத் தேய்த்துப் படிய வைப்பாள். காகிதம் ஆறிய பிறகுதான் கதீஜா பெரியம்மா கத்தரிக்கோலைக் கையில் எடுப்பார்.

நாங்கள் இருந்தது ஃபிஜித் தீவில், ட்ராசாவில், லௌதோக்கா நகரத்துக்கு வெளியே கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, ஆலையின் ரெயில் பாதையை ஒட்டிய ஒரு தகர வீட்டில். அப்பாவின் பெற்றோர் மதராஸிலிருந்து "கிர்மிட்" என்ற கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்கள். அப்பா கரும்போடு பிறந்து கரும்போடு வளர்ந்தவர். அந்த வீட்டு மேசையில்தான் அம்மாவும் கதீஜா பெரியம்மாவும் தங்கள் சிறு தொழிலை நடத்தினார்கள். அதைக் கம்பெனி என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை, ஏனென்றால் எங்கள் பக்கம் கம்பெனி என்றால் சர்க்கரை ஆலை ஒன்றுதான். அவர்கள் விற்ற பொருளுக்குச் சனங்களாக வைத்த பெயர் "காயிதச் சட்டை". ஒரு சட்டையின் முன்பக்கம், முதுகு, கை, கழுத்துப்பட்டை ஆகியவற்றைத் தைக்க வேண்டிய அதே அளவில் காகிதத்தில் வெட்டி, மடித்து, ஓர் உறையில் போட்டுக் கொடுப்பார்கள். வாங்கிப் போகும் பெண் அந்தக் காகிதங்களைத் துணி மேல் வைத்துக் குண்டூசி குத்தி, ஓரத்தோடு வெட்டி, தன் வீட்டுக் "கை மிஷினில்" தைத்துக்கொள்வாள். ரவிக்கை, பெண் குழந்தைகளுக்குக் கவுன், பாவாடைச் சட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை.

கதீஜா பெரியம்மா எங்களுக்கு உறவில்லை. ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த முஸ்லிம் குடும்பம் அவர்களுடையது. அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் மதராஸ் கப்பலில் வந்தவர்கள்தாம். அவருடைய கணவர் லௌதோக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். ஆண்களுக்குச் சட்டையும் கால்சட்டையும் மட்டுமே அங்கே தைப்பார்கள். ஓர் ஆண் டேப்பைப் பிடித்து அளவெடுக்க, எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் அந்தக் கடைப் படியேறமாட்டார்கள். தங்களுக்கு வேண்டியதை வீட்டிலேயே குத்துமதிப்பாக வெட்டித் தைத்துப் போட்டுக்கொள்வார்கள், தோள் தொங்கும், முதுகு தூக்கும், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கணவரிடம் வெட்டும் முறையைக் கற்றுக்கொண்ட பெரியம்மா ஒரு தீபாவளிக்கு அம்மாவின் அளவைக் காகிதத்தில் வெட்டி, அதன்படி ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அம்மா ரெயிலில் ஏறியதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

அந்த ரெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரும்பு இழுக்கும் ஆலைக்குச் சொந்தமான குட்டி எஞ்சின் அது. சில நாட்களில் திறந்த பெட்டிகளில் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு லௌதோக்கா, நந்தி என்று கரையோரமாகப் போகும், டிக்கெட் கிடையாது. காசில்லாத பயணம் என்பதால் கோழிக்கூடையோடும் கீரைக்கட்டோடும் பெண்கள் கூட்டம் அதில் நிறைந்திருக்கும், தெலுங்கும் தமிழும் இந்தியும் ஃபிஜி மொழியும் ஒரே பெட்டியில் சத்தம் போடும். அம்மாவின் முதுகைப் பார்த்து, இந்த ரவிக்கையை யார் வெட்டினது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா பெரியம்மா வெட்டிய காகிதத்தை இரவல் கொடுத்தாள். அதற்கு அந்த ஊரில் "கெரேகெரே" என்று பெயர். ஒருவர் கேட்டால் மற்றவர் கொடுத்துவிட வேண்டியதுதான். கொடுத்த காகிதம் ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. அதே ரவிக்கையைத் திரும்பத் திரும்ப வெட்டி அலுத்துப்போன பெரியம்மா ஒருநாள், "இனிமே யாராச்சும் கேட்டா வெலை சொல்லு பொன்னு" என்றார். அம்மாவின் பெயர் பொன்னம்மா.

அப்பாவுக்கு இது புரியவேயில்லை. "துணி வாங்குவாங்க, சரி. தச்ச சட்டை வாங்குவாங்க, அதுவும் சரி. வெறுங் காயிதத்தக் காசு குடுத்து யாரு வாங்குவா?" என்று கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "பாப்பம்" என்று மட்டும் அம்மா சொன்னாள்.

முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டினார்கள். அதன் மை வெள்ளைத் துணியில் ஒட்டிக்கொண்டதால் பழுப்புக் காகிதத்துக்கு மாறினார்கள். தென்னிந்தியர் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்துக்கொண்டிருந்த நான், ஒவ்வொரு காகிதத்திலும் இது முன்பக்கம், இது முதுகு என்று எழுதித் தருவதாக மிகுந்த பெருமையோடு முன்வந்தேன். அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. "படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் விக்கிறதா?" என்று கேட்டாள். அப்புறம் அவர்கள் இருவரும் சேர்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததுதான் முத்திரைகள். "குமாலா" என்று நாங்கள் சொல்லும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பாதியாக அரிந்து, அதில் உருவம் செதுக்கி, துணிக்குப் போடும் நீலத்தைக் கெட்டியாகக் கரைத்து அதில் தொட்டு அச்சுக் குத்துவோம். முன்பக்கத்துக்கு மீன், முதுகுக்கு ஓலை, கைக்கு நிலா, கழுத்துக்கு மாங்காய். எந்த ஓரத்தை எந்த ஓரத்தோடு சேர்க்க வேண்டும் என்பதற்கு விளிம்பில் சின்ன வெட்டுகள். ஒற்றை வெட்டுக்கு ஒற்றை, இரட்டைக்கு இரட்டை. எந்த மொழிக்காரியும் ஒருமுறை பார்த்தால் போதும். முத்திரை குத்துவது என் வேலையாயிற்று, வாரம் முழுக்க என் விரல்கள் நீலமாகவே இருந்தன. உறைகள் விற்றன. அப்பா அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, காகிதச் சுருளைத் தானே தோளில் சுமந்து வர ஆரம்பித்தார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் சீருடை கொண்டுவந்தார்கள். பெண்களுக்கு வெள்ளை மேல்சட்டை, நீலப் பாவாடை. நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று கெட்டியான டிரில் துணியைக் கமிட்டிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆண்டு விழாவுக்குள் எல்லாப் பெண்களும் போட்டு வர வேண்டும். ஊரெங்கும் அம்மாமார்கள் காயிதச் சட்டை கேட்டு வந்தார்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் இரண்டு பேரும் வெட்டித் தள்ளினார்கள். நடுத்தர அளவைப் பொருத்திப் பார்க்க நான்தான் மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல் ஏறி நின்றேன்.

அப்படி நின்றபோதுதான் அவர்களுக்குள் நடந்த வாக்குவாதம் என் காதில் விழுந்தது. கடையில் கிடைத்த டிரில் அகலம் குறைந்தது. பெரியம்மா வெட்டிய கையும், அது உடம்போடு சேரும் கைக்குழியும் தாராளமாக இருந்ததால், அதன்படி தைத்தால் ஒவ்வொரு சட்டைக்கும் கொஞ்சம் துணி கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது பெரிய விஷயம் என்று அம்மா சொன்னாள், கையைக் குறுக்கச் சொன்னாள். பெரியம்மா மறுத்தார். மெல்லிய துணியென்றால் பரவாயில்லை, இது முரட்டுத் துணி, இழுக்கும் என்றார். அம்மா விடவில்லை. கடைசியில் பெரியம்மா குறுக்கி வெட்டினார். பெட்டி மேல் கையைத் தொங்கவிட்டு நின்ற எனக்குச் சட்டை அழகாகத்தான் பொருந்தியது.

விழாவுக்கு முந்திய வாரம் மைதானத்தில் ஒத்திகை. பெண்கள் முன்னால், பையன்கள் பின்னால். வாத்தியார் "கைகளை மேலே" என்றார். நாங்கள் எல்லோரும் ஒன்றாகத் தூக்கினோம். வரிசை நெடுகத் துணி கிழியும் சத்தம் கேட்டது, ஒன்று முடிவதற்குள் அடுத்தது. முதலில் எங்களுக்கே சிரிப்பு வந்தது. எனக்கும் வலது கையிடுக்கில் பிரிந்துவிட்டது. பிறகு பின்னாலிருந்து பையன்கள் சிரித்தார்கள், அவர்கள் லட்சுமியைப் பார்த்துச் சிரித்தார்கள். தாமதமாகப் பள்ளியில் சேர்க்கப்பட்ட லட்சுமி எங்களைவிட வயதில் பெரியவள், வளர்ந்தவள். அவள் சட்டை கையிடுக்கிலிருந்து விலா வரைக்கும் கிழிந்திருந்தது. இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அவள் மைதானத்தைத் தாண்டி நடந்து போனாள். பையைக்கூட எடுக்கவில்லை.

மறுநாள் லட்சுமி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவளுடைய அப்பா வீராசாமி, பெண் பிள்ளை படித்தது போதும், இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டதாக அவர்கள் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் படிப்பு நிற்பதற்கு இவ்வளவுகூட வேண்டியதில்லை.

ஒத்திகை நாளன்றே அம்மா என் சட்டையைப் போடச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, பிரிந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். மாலையில் பெரியம்மா வந்தபோது, நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவர் ஆரம்பிப்பார் என எதிர்பார்த்துக் கதவோரம் நின்றேன். அவர் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, பிறகு வந்த அத்தனை ஆண்டுகளில் எந்தச் சண்டையிலும் சொன்னதில்லை. மேசையருகே உட்கார்ந்து, "வாங்கினவங்களுக்குக் காசத் திருப்பிக் குடுத்துருவம். இதோட நிறுத்திக்குவம் பொன்னு" என்றார்.

"காசக் குடுத்தா கிழிஞ்ச துணி ஒட்டிக்குமா அக்கா?" என்றாள் அம்மா.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், கரும்புக்கான அடுத்த பணம் வர மாதக்கணக்காகும், அதுவரை எந்த வீட்டிலும் மறுபடி துணி வாங்க முடியாது. இருவரும் என் சட்டையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். கரும்பு வெட்டுகிறவர்களுக்குத் தைக்கும் சட்டையில் தன் கணவர் கையிடுக்கில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைப்பார் என்று பெரியம்மாவுக்கு அப்போது நினைவு வந்தது. மிச்சமிருந்த துணியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, தையலைக் கொஞ்சம் பிரித்து, மூலை மேலே வருமாறு திருப்பி வைத்துத் தைத்தார். நான் கையைத் தூக்கினேன். சட்டை என்னோடு வந்தது.

அடுத்த நாளிலிருந்து நாங்கள் மூவரும் ரெயிலில் ஏறினோம். அந்தச் சதுரத்தையும் காகிதத்தில் வெட்டி, பூ முத்திரை குத்தி, உறை வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் இலவசமாகக் கொண்டுபோனோம். பாதையிலிருந்து தள்ளியிருந்த வீடுகளுக்கு அப்பா மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். அறுவடைக் காலத்தில் வண்டியையும் தன்னையும் அவர் எப்படி விடுவித்துக்கொண்டார் என்று நாங்கள் கேட்கவில்லை. தானே தைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார்கள். தெரியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து பெரியம்மாவே தைத்தார். சிலர் டீ கொடுத்தார்கள், சிலர் வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டினார்கள். எல்லா வீட்டிலும் அம்மா அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள்: கை அளவைக் குறைக்கச் சொன்னது நான், தப்பு என்னுடையது. பெரியம்மா ஒவ்வொரு முறையும் குறுக்கிட்டு, "ரெண்டு பேருந்தான் வெட்டுனம்" என்பார்.

லட்சுமியின் வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். வீராசாமி மாமா வாசலில் உட்கார்ந்து கரும்புக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. லட்சுமியின் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். அம்மா படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"அண்ணே, பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. நா வெட்டச் சொன்ன காயிதந்தான் தப்பு. எந் தப்புக்கு அதப் போயி வீட்டுல உக்கார வச்சிராதீங்க."

அவர் கத்தியைத் தண்ணீரில் நனைத்து மறுபடி கல்லில் வைத்தார். "நாலு பேரு சிரிச்ச எடத்துக்கு எப்பிடி அனுப்பறது?" என்றார்.

"சட்டையத் தச்சுக் குடுக்கறம். பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் பெரியம்மா. மாமா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெரியம்மா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். லட்சுமியின் சட்டையில் கிழிசல் பெரிது. விலாவோரமாக நீளத் துண்டு ஒன்றை ஒட்டி, அது ஒட்டு என்று தெரியாமலிருக்க மறுபக்கமும் அதே போல வைத்துத் தைத்து, கையிடுக்கில் சதுரம் வைத்து முடிக்க மதியம் தாண்டிவிட்டது. லட்சுமி அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கைகளை உடம்போடு ஒட்டியபடி நின்றாள்.

கொல்லையில் துணிக்கொடி உயரத்தில் கட்டியிருந்தது. பெரியம்மா ஈர வேட்டி ஒன்றை அவள் கையில் கொடுத்துக் காயப்போடச் சொன்னார். லட்சுமி முதலில் முழங்கை அளவுக்குத்தான் தூக்கினாள். "இன்னுந் தூக்கு" என்றார் பெரியம்மா. அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் முழுக்கத் தூக்கி வேட்டியைக் கொடிக்கு மேலே வீசினாள். ஒன்றும் கிழியவில்லை. கண்ணைத் திறந்து தன் கையிடுக்கைத் தானே எட்டிப் பார்த்தாள், மறுபடி ஒருமுறை தூக்கினாள். கத்தி தீட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. வீராசாமி மாமா பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து, மகளிடமில்லை, மனைவியிடம், "இவ பை எங்க இருக்கு?" என்று கேட்டார். பை பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. அங்கே அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னேன்.

விழாவன்று லட்சுமி என் பக்கத்தில் நின்றாள். "கைகளை மேலே" என்று சொல்லும்போது வாத்தியார் குரலிலேயே ஒரு தயக்கம் இருந்தது, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நாங்கள் தூக்கினோம். பாட்டு மட்டும்தான் கேட்டது. லட்சுமி இறுதிப் பரீட்சை வரை படித்துத் தேறினாள், அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் வயதுப் பெண்களில் அது எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்று அப்புறம் நடந்தது. தோட்டத்தில் களையெடுக்கும் பெண்கள், பிள்ளைகளின் சட்டையைப் பார்த்துவிட்டு, தங்கள் ரவிக்கைக்கும் அந்தப் பூத் துண்டு வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். ரெயிலில் நண்டு விற்க வரும் மெரேசெய்னி என்ற ஃபிஜியப் பெண், தங்கள் "ஜாபா" உடைக்கும் அதை வைக்க முடியுமா என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் பொதுவான இந்தியில் கேட்டாள். முழங்கால் தாண்டும் தளர்ந்த மேலுடை, அதற்குக் கீழே நீளப் பாவாடை, அதுதான் ஜாபா. அவள் தன்னுடையதையே கொண்டுவந்து மேசை மேல் போட்டாள், அதைப் பார்த்து வெட்டிய உறை அவளுடைய கிராமம் முழுக்கப் போயிற்று. அதன் பிறகு எந்தப் புதுச் சட்டையையும் என்னைப் பெட்டி மேல் நிற்க வைத்து மட்டும் அவர்கள் நம்பவில்லை. போட்டுக்கொண்டு தண்ணீர் சுமக்க வேண்டும், வீடு கூட்ட வேண்டும், கொய்யா மரத்தில் ஏறி இறங்க வேண்டும். மற்றப் பிள்ளைகளை மரத்திலிருந்து இறங்கச் சொல்லி அதட்டுவார்கள்; என்னை மட்டும் இன்னொரு கிளை மேலே போகச் சொன்னார்கள்.

கடைகளில் தைத்த உடைகள் மலிவாக வந்த பிறகு உறைகள் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். அம்மாவும் பெரியம்மாவும் அதை முடித்துவிட்டதாக யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை வெட்டவில்லை, அடுத்த சனிக்கிழமையும் வெட்டவில்லை. கடைசிச் சுருளிலிருந்து என் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். ஆட்களை ஏற்றிப் போன ரெயில் எப்போதோ நின்றுவிட்டது. நிலத்தின் குத்தகை முடிந்து நாங்கள் வெளியேறியபின் எங்கள் தகர வீட்டையும் பிரித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது மரவள்ளி நிற்கிறது. லட்சுமி கனடாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். நான் லௌதோக்காவில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் பேசுவது ஃபிஜி இந்தி; நானும் அதில்தான் சமைக்கிறேன், கோபப்படுகிறேன், பேரன்களுக்குக் கதை சொல்கிறேன். இதை எழுத உட்கார்ந்தபோது பல சொற்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அம்மா போன பிறகும் கதீஜா பெரியம்மா பல ஆண்டுகள் இருந்தார். அவருடைய பிள்ளைகளுக்கும் தமிழ் வராது. கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது மழை பெய்துகொண்டிருந்தது. கட்டிலைச் சுற்றி நின்ற பேரப்பிள்ளைகளிடம் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, "பஸ்ஸு கெடச்சுதா பாப்பா?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் தமிழில் எதுவும் கேட்டதில்லை.